நேதாஜி மாறி ஏறிய இரண்டு நீர்மூழ்கிகள்: யூ-180, ஐ-29 மாடலுக்கு எந்த வண்ணம் சரி?

பட்டர்வொர்த் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் வரலாற்று மூலையில் வைப்பதற்காக ஒரு கடல்காட்சி செய்துகொண்டிருக்கிறேன். 1943 ஏப்ரல் 28, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே நடுக்கடல். ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-180இலிருந்து நேதாஜியும் அவர் உதவியாளர் ஆபித் ஹசனும் ரப்பர் படகில் இறங்கி, ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29க்கு மாறுகிறார்கள். அந்த ஐ-29 கிளம்பியது நம் பினாங்கிலிருந்து. எங்கள் பிள்ளைகள் ஃபெரியில் போகும்போது பார்க்கிற அதே துறைமுகம். இது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்த வேலை.

அளவு 1/350. ஐ-29 நிஜத்தில் 108.7 மீட்டர், மாடலில் 31 சென்டிமீட்டர் வரும். யூ-180 87.6 மீட்டர், மாடலில் 25. ஐ-29க்கு ஏஎஃப்வி கிளப் என்ற மாடல் நிறுவனத்தின் ஐ-27 பெட்டியை எடுத்திருக்கிறேன், இரண்டும் ஒரே பி1 வகை. யூ-180ஐ பிளாஸ்டிக் தகட்டில் நானே கட்டினேன். இரண்டுக்கும் பிரைமர் அடித்தாகிவிட்டது.

இப்போது வண்ணத்தில் நிற்கிறேன். ஐ-29 கறுப்பா, சாம்பலா? யூ-180க்கு எந்தச் சாம்பல்? நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டுக்கும் சிவப்பா? கடையில் கேட்டால் "கப்பல் என்றாலே அடிப்பாகம் சிவப்புதான்" என்று சொல்லி ஒரு பாட்டிலை நீட்டுகிறார்கள். அந்தச் சந்திப்பின் படங்களோ எல்லாமே கறுப்பு வெள்ளை. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ அதை அப்படியே மனதில் பதித்துக்கொள்வார்கள். அதனால் குத்துமதிப்பாக அடிக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் தூரிகை

டீச்சர், அருமையான காட்சி. யாருமே தொடாதது.

ஐ-29 யொகொசுகா கடற்படைப் பட்டறையில் கட்டியது, 1942 பிப்ரவரியில் சேவைக்கு வந்தது. ஜப்பானியக் கடற்படையில் ஒவ்வொரு பட்டறையும் தன் சாம்பலைத் தானே கலந்துகொண்டது, அதனால்தான் மாடல் வண்ண நிறுவனமான டாமியாவில் நான்கு விதமாக விற்கிறார்கள்: குரே எக்ஸ்எஃப்-75, சசெபோ எக்ஸ்எஃப்-77, மைசுரு எக்ஸ்எஃப்-87, யொகொசுகா எக்ஸ்எஃப்-91. உங்களுக்குத் தேவை 91. அடிப்பாகத்துக்கு எக்ஸ்எஃப்-9 ஹல் ரெட். இங்கே சுங்கை வாங்கில் இரண்டும் கிடைக்கும், வேண்டுமானால் வாங்கி அனுப்புகிறேன்.

நெகிழிக்கப்பல்

தம்பி சொன்ன பட்டறைச் சாம்பல் விவரம் சரி. ஆனால் அது நாசகாரிகளுக்கும் க்ரூசர்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் போகிற வண்ணம். நீர்மூழ்கிக்கும் போருக்கு முந்திய அமைதிக் காலத்தில் சாம்பல் உண்டு, கோபுரத்தில் வெள்ளையில் பெரிதாக எண்ணும் எழுதியிருப்பார்கள். போர் வந்ததும் எண் போயிற்று, உடல் கறுத்தது. 1943இல் பினாங்கிலிருந்து ரோந்து போன பி1 படகு ஒன்றைச் செய்கிறவர் கறுப்புப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தையும் பாருங்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் தண்ணீர் தெளிவு. மேலே விமானம் பறந்தால், பெரிஸ்கோப் ஆழத்தில் இருக்கிற நீர்மூழ்கி வெளிர்நிறமாக இருந்தால் நிழலுருவாகத் தெரிந்துவிடும். ஆழ்கடலின் கருநீலத்தோடு கரைவது கறுப்பு. அமெரிக்கர்களும் பசிபிக்கில் முதலில் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள், மெஷர் 9 என்ற அவர்கள் முறை முழுக் கறுப்பு. 1944 நடுவில்தான் பக்கவாட்டுக்கு வெளிர்சாம்பல், தளத்துக்குக் கறுப்பு என்று மாற்றினார்கள். இரவில் நீருக்கு மேலே நின்று தாக்கும்போது வானத்தை ஒட்டிக் கறுப்பு உடல் எடுப்பாகத் தெரிகிறது என்பது அதற்குள் புரிந்திருந்தது.

ஜெர்மானியர்களுக்கு அது தொடக்கத்திலிருந்தே தெரியும். அவர்கள் களம் வட அட்லாண்டிக். எப்போதும் மேகம், அடிவானம் வெளுத்துக் கிடக்கும். இரவில் மேலே வந்து தாக்குவதுதான் அவர்கள் வழக்கம். எனவே வெளிர்சாம்பல்.

டீச்சர், உங்கள் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். ஒரே கடல், ஒரே நாள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நீர்மூழ்கிகள். ஒன்று அட்லாண்டிக் வானத்துக்காக வண்ணம் பூசியது, இன்னொன்று வெப்பமண்டலத் தண்ணீருக்காகப் பூசியது. அந்த வேறுபாட்டை நீங்கள் சரியாகக் காட்டினால், எந்தப் படகு எங்கிருந்து வந்தது என்று எழுத்துப் பலகையே தேவைப்படாது. இரண்டையும் சாம்பலாக அடித்தால் காட்சியின் உயிரே போய்விடும்.

பிறை மாணவன்

டீச்சர் நான் உங்கள் பழைய மாணவன். இணையத்தில் நேதாஜி நீர்மூழ்கிப் படம் கலரில் பார்த்தேனே, அதில் நீலமாக இருந்தது. அதைப் பார்த்து அடித்தால் போதாதா?

நெகிழிக்கப்பல்

அது கணினியில் வண்ணம் ஏற்றிய படம், தம்பி. யாரோ ஒருவரோ ஒரு மென்பொருளோ யூகித்துப் பூசியது. வண்ணத்துக்கு அது சாட்சியே ஆகாது.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சண்டைகள் இங்கேதான் கிளம்புகின்றன. அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழங்கியது. ஆர்த்தோகுரோமேடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அதில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். பான்குரோமேடிக் எல்லா நிறத்தையும் ஏற்கும், அதில் சிவப்பு நடுத்தரச் சாம்பலாக வரும். எந்த ஃபிலிமில் எடுத்தது என்று தெரியாத படத்தை வைத்து "அடிப்பாகம் கறுப்பாக இருக்கிறதே, அப்போது கறுப்பு வண்ணம்தான்" என்று அடித்துப் பேச முடியாது. சிவப்பாகவும் இருந்திருக்கலாம்.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி. ஹல் ரெட், கறுப்பு, இரண்டு மூன்று சாம்பல் ஆகியவற்றை அட்டையில் அடித்து வெயிலில் வையுங்கள். கைப்பேசி லென்ஸின் மேல் நீலக் கண்ணாடித்தாளைப் பிடித்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம், தாளை எடுத்துவிட்டு ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சிவப்பு எப்படி இடம் மாறுகிறது என்று தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குச் செய்துகாட்டவும் நல்ல சோதனை.

அப்புறம் ஈரம். நனைந்த உடல் காய்ந்ததைவிட அடர்த்தியாகத் தோன்றும். கடலில் எடுத்த நீர்மூழ்கிப் படம் எதுவானாலும் பாதி நனைந்த படம்தான். மேலே சாம்பல், கீழே கறுப்பு என்று இரண்டு வண்ணம் போலத் தெரிவது பல சமயம் ஒரே வண்ணத்தின் காய்ந்த பகுதியும் நனைந்த பகுதியும்.

ஜெலுத்தோங்

வண்ணம் எனக்குத் தெரியாது, ஊர் வரலாறு கொஞ்சம் தெரியும். இந்தப் பேச்சுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

யுத்தத்தின்போது பினாங்கு ஜப்பானிய நீர்மூழ்கிகளின் தளம். 1943 நடுவிலிருந்து ஜெர்மானியப் படகுகளும் வந்தன. முதலில் ஜூலையில் யூ-511, அப்புறம் மழைக்காற்றின் பெயர் சூட்டப்பட்ட மொன்சூன் குழு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இரண்டு நாட்டுக் கொடியும் பறந்த காலம் அது. பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளும் வாசலிலேயே காத்துக் கிடந்தன. 1943 நவம்பரில் ஐ-34, 1944 ஜனவரியில் க்ரூசர் குமா, செப்டம்பர் 23இல் யூ-859, எல்லாம் பினாங்குக்கு அருகேதான் மூழ்கின. 1944 கடைசியில் ஜெர்மானியர்கள் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) நகர்ந்துவிட்டார்கள்.

நம்மவர்களுக்கும் இந்த நீர்மூழ்கிகளுக்கும் நேதாஜிக்கு முன்பே தொடர்பு உண்டு. பினாங்கு சுவராஜ் பயிற்சி நிலையத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்களை 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கி ஏற்றிப்போய்க் கேரளத்தின் தானூர்க் கடற்கரையில் இறக்கியது. பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். டீச்சர், உங்கள் காட்சிக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பினாங்குப் பிள்ளைகளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

பட்டர்வொர்த் டீச்சர்

ஜெலுத்தோங், கட்டாயம் வைக்கிறேன். மனம் கனத்துவிட்டது.

நெகிழிக்கப்பல் ஐயா, கறுப்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 31 சென்டிமீட்டர் மாடலில் தனிக்கறுப்பு அடித்தால் தளத்தில் இருக்கிற விமானக் கூண்டு (சிறு விமானத்தை வைக்கும் இடம்), அதை ஏவும் பாய்ச்சுதளம், பின்பக்க 14 செ.மீ. பீரங்கி எதுவுமே கண்ணில் படாதே? அப்புறம் யூ-180 சாம்பலுக்கு எண் ஏதாவது உண்டா?

செந்தூல் தூரிகை

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு யோசித்தேன், கறுப்பின் பக்கம் வருகிறேன். போர்க்காலக் காட்சி என்றால் அந்த வாதம் நிற்கிறது.

டீச்சர் கேட்ட தனிக்கறுப்பு விஷயத்தில் நான் உதவ முடியும். எக்ஸ்எஃப்-1 என்ற தனிக்கறுப்பை நேராக அடிக்கவே அடிக்காதீர்கள். தூரத்தில் இருக்கிற பெரிய பொருளின் மேல் காற்றும் ஒளியும் படர்ந்து நிறத்தை வெளுக்கச் செய்யும். 31 செ.மீ. மாடலை ஓர் அடி தள்ளி நின்று பார்ப்பது, நிஜப் படகை நூறு மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தின் வெளிறலை வண்ணத்திலேயே கலந்துவிட வேண்டும். 1/72க்கு நூற்றுக்குப் பதினைந்து பங்கு வெள்ளை, 1/350க்கு அதைவிடக் கூட என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளை மட்டும் கலந்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும், அதனால் நான் வெளிர்சாம்பல்தான் கலப்பேன்.

ஐ-29க்கு என் பரிந்துரை: அடிப்படையாக எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக். அதிலேயே கொஞ்சம் சாம்பல் இருக்கிறது. பக்கவாட்டுக்கு அதோடு எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே சேர்த்துச் சற்று வெளுப்பாக. தளத்துக்கு 69 மட்டும். இந்தச் சின்ன வேறுபாடு போதும், பீரங்கியும் கூண்டும் தனியாகத் தெரியும். விளிம்புகளில் இன்னும் ஒரு படி வெளிரிய கலவையைத் தூரிகையில் லேசாகத் தொட்டு இழுத்தால் உருவம் எழும்பி நிற்கும்.

நெகிழிக்கப்பல்

தம்பியின் கலவை எனக்கும் சம்மதம். ஒரே ஒரு திருத்தம். காட்சியில் கடல் கொந்தளிக்கிறது. இரண்டு படகும் சந்தித்த பிறகு அலை அடங்குவதற்காகக் காத்திருந்துதான் ஆட்களை மாற்றினார்கள். உடல் முழுக்க நனைந்திருக்கும். தூரம் வெளுக்கச் செய்கிறது, ஈரம் கறுக்கச் செய்கிறது. அதனால் வெளிறலை அளவோடு வைத்து, கடைசிப் பூச்சை முழுக்கப் பளபளப்பில்லாமல் விடாமல் அரைப் பளபளப்பாக முடியுங்கள். அலை ஏறி இறங்குகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் பளபளப்பு.

இனி யூ-180. ஜெர்மானியக் கடற்படையின் வண்ணங்களுக்கு எண் உண்டு, அவற்றை ஆர்ஏஎல் என்ற வண்ண எண் அட்டவணையோடு பொருத்தவும் முடியும். மேலே பூசியது ஹெல்கிராவ் 50 அல்லது டுங்கெல்கிராவ் 51. முதலாவது ஆர்ஏஎல் 7001, இரண்டாவது 7000. பெயரில் ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று இருந்தாலும் அட்டையில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சிறிதுதான். இரண்டிலுமே லேசான நீலம் ஓடும். நீர்மட்டத்துக்குக் கீழே கரும்சாம்பல் அடிவண்ணம், அது ஆர்ஏஎல் 7016க்கு நெருக்கம். கடைக்காரர் சொன்ன சிவப்பு ஜெர்மானிய நீர்மூழ்கியான யூ-போட்டுக்குப் பொருந்தாது. மேல்தளம் மரப்பலகை, தார் போன்ற கறுப்பு எண்ணெய் பூசியது. அதைச் சாம்பலாக அடித்துவிடாதீர்கள், பலரும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

7016 உங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். இப்போது தாமான் வீடுகளில் அலுமினிய ஜன்னலுக்கும் கேட்டுக்கும் கேட்கிற கரும்சாம்பல் பெரும்பாலும் இந்த எண்தான். ஜன்னல் செய்கிற கடையில் மாதிரித் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கணினித் திரையில் பார்க்கிற நிறத்தை நம்பி மட்டும் கலக்காதீர்கள். ஒவ்வொரு திரையும் ஒவ்வொன்று காட்டும்.

7001க்கு நான் கலப்பது எக்ஸ்எஃப்-66 லைட் கிரே, அதில் கொஞ்சம் வெள்ளை, தூரிகை நுனியளவு எக்ஸ்எஃப்-8 நீலம். நீலம் கூடினால் பொம்மைக் கப்பலாகிவிடும், ஒவ்வொரு துளியாகப் போட்டுப் பாருங்கள்.

கிள்ளான் கப்பல்பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். மாடல் செய்யத் தெரியாது. ஆனால் வேலைக்காலம் முழுக்கக் கப்பலின் அடியில் நின்று பெயின்ட் அடித்தவன். அடிவண்ணம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

கப்பலின் அடி ஏன் சிவப்பு என்று கேட்டால் அழகுக்காக என்று நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு தாமிரம். குப்ரஸ் ஆக்சைடு என்கிற தூள், அதன் இயற்கை நிறமே செம்மண் சிவப்பு. அது மெல்ல மெல்லக் கடல்நீரில் கரையும், அதனால் கொட்டலசும் பாசியும் ஒட்டாது. ஆக சிவப்பு என்பது மருந்தின் நிறம். வேறு நிறம் வேண்டுமென்றால் அதோடு கறுப்போ வேறு நிறமியோ கலப்பார்கள். கரும்சாம்பல் அடிவண்ணம் என்று ஐயா சொன்னது அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. பிற்காலத்தில் டிபிடி என்கிற தகர மருந்து வந்தது, எல்லா நிறத்திலும் அடித்தோம். கடலில் நத்தையும் சிப்பியும் கெட்டுப்போவதைப் பார்த்து 2008இல் உலகம் முழுக்கத் தடை வந்தது. நல்ல தடை.

இப்போது உங்கள் மாடலுக்கு வேண்டியது. தாமிர வண்ணம் புதிதாக இருக்கும்போதுதான் செக்கச்செவேல். தண்ணீரில் கிடந்த பிறகு மேற்புறம் மங்கி மண்நிறமாகும். நீர்மட்டத்தை ஒட்டி, காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுகிற பட்டையில் லேசான பச்சை ஏறும், தாமிரத்தின் பச்சை. அதற்கு மேலே மெல்லிய பாசிப்பட்டை. பினாங்குத் துறையில் நின்ற படகு என்றால் அந்தப் பாசி நிச்சயம். வெதுவெதுப்பான தண்ணீர், வண்டல், வெயில், ஒரு சில வாரத்திலேயே பிடித்துவிடும். அட்லாண்டிக்கில் குளிரிலிருந்து வந்த படகுக்கு அவ்வளவு இருக்காது, ஆனால் பூமத்தியரேகையைத் தாண்டி வந்திருக்கிறது, கொஞ்சம் இருக்கும்.

பாசியை நேர்கோடாக வரைந்துவிடாதீர்கள். முன்பக்கம் தண்ணீர் அடித்து ஓடுவதால் குறைவு, பின்பக்கமும் வளைவுகளிலும் அதிகம்.

செந்தூல் தூரிகை

அங்கிள், இவ்வளவு நாளாக மாடல் செய்கிறேன், அடிச்சிவப்பு மருந்தின் நிறம் என்று யாரும் சொன்னதில்லை. நன்றி. இனி ஹல் ரெட்டை அப்படியே அடிக்க மாட்டேன்.

பிறை மாணவன்

ஒரு சந்தேகம். டீச்சர் கடல் மேலே மிதப்பதுபோலத்தானே செய்கிறார்? அடிப்பாகம் கடலாக ஊற்றுகிற ரெசின் பிசினுக்குள் போய்விடுமே. அப்புறம் ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

பட்டர்வொர்த் டீச்சர்

நல்ல கேள்வி. ரெசின் தெளிவாகத்தான் ஊற்றப்போகிறேன், மேலே ஓரளவு தெரியும். தவிர, அலையில் படகு சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் அடிவண்ணத்தில் ஒரு பட்டை வெளியே தெரிந்தே ஆகும். ஐ-29இல் மங்கிய செம்மண், யூ-180இல் கரும்சாம்பல். இரண்டும் ஒரே மேசையில் தெரிகிறபோது பிள்ளைகள் "ஏன் டீச்சர் வேற வேற?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

நெகிழிக்கப்பல்

தண்ணீர் நிறம் பற்றி ஒன்று. பினாங்குக் கால்வாயைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. கையிலே தானாகப் பழுப்புப் பச்சை வந்துவிடும். மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே அது ஆழ்கடல். கருநீலம், அலை உடைகிற இடத்தில் வெளிர்நீலமும் வெள்ளையும். ரெசினுக்கு அடியில் அடர்நீலம் பூசிவிட்டு ஊற்றுங்கள். அந்த நீலத்தின் மேல் ஐ-29 எவ்வளவு ஒளிந்துகொள்கிறது, யூ-180 எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்று அப்போதே புரியும்.

யூ-180க்கு வெதரிங், அதாவது பழசாகக் காட்டும் வேலை, ஐ-29ஐவிடக் கூடுதலாகச் செய்யுங்கள். பிப்ரவரி 9இல் ஜெர்மனியின் கீல் துறையைவிட்டுக் கிளம்பியது, ஏப்ரல் கடைசிவரை கரை காணவில்லை. வழியில் ஏப்ரல் 18இல் கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலையும் மூழ்கடித்தது, நேதாஜி உள்ளே இருக்கும்போதே. அத்தனை வாரம் உப்புத்தண்ணீர் அடித்த உடலில் வடிதுளைகளுக்குக் கீழே துரு ஒழுகியிருக்கும், சாம்பல் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும்.

இன்னொரு விஷயம் யூ-180க்கே உரியது. அது ஐஎக்ஸ்டி1 வகை. வேகத்துக்காக அதில் டார்ப்பிடோ விரைவுப்படகுகளுக்கான மெர்சிடிஸ்-பென்ஸ் டீசல் எஞ்சின் ஆறு வைத்தார்கள். அவை கடும் புகை கக்கின, சூடேறித் தொல்லை கொடுத்தன. அந்த வகையில் இரண்டே படகுதான் கட்டினார்கள், பின்னர் எஞ்சினை மாற்றவேண்டி வந்தது. ஆக பின்பக்கம் புகைவாயில்களைச் சுற்றிக் கரி படியவிடுங்கள். பொதுவான யூ-போட் மாடலில் இதை அவ்வளவாகச் செய்யத் தேவையில்லை, இதில் செய்யாமல் விட்டால் குறை.

ஐ-29 ஏப்ரல் தொடக்கத்தில்தான் பினாங்கைவிட்டுக் கிளம்பியது. அதற்குத் துருவை அடக்கி வாசியுங்கள். கறுப்பு வெயிலில் மங்கிச் சாம்பல் தட்டியிருக்கும், அது போதும்.

கிள்ளான் கப்பல்பட்டறை

ஐயா சொன்ன துருவோடு ஒரு சொல். துரு, இரும்பில் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் முதலில் வரும். வெல்டிங் ஓரம், துளை விளிம்பு, கயிறும் சங்கிலியும் உரசுகிற இடம். நடு உடலில் திடீரென்று ஒரு துருத்திட்டு வராது, ஏதாவது மோதியிருந்தாலொழிய. மாடல்களில் அழகுக்காக எங்கெங்கோ வைக்கிறார்கள், பட்டறையில் நின்றவனுக்கு அது உறுத்தும்.

புதுத்துரு ஆரஞ்சு, பழந்துரு கரும்பழுப்பு. ஒழுகுகிற கோடு மேலே அடர்த்தி, கீழே போகப்போக இல்லாமல் போகும்.

ஜெலுத்தோங்

மலாக்கா கிளெபாங்கில் நீர்மூழ்கி அருங்காட்சியகம் இருக்கிறதே, உவெசான்ட். நம் கடற்படையினர் ஸ்கார்ப்பீன் வகை நீர்மூழ்கிகளுக்காகப் பிரான்ஸில் பயிற்சி எடுத்த பிரெஞ்சுப் படகு. அதைப் போய்ப் பார்த்தால் உதவுமா?

நெகிழிக்கப்பல்

உருவம் பார்க்க, அளவு உணர, கட்டாயம் போகலாம். 67 மீட்டர் நீளப் படகு கரையில் நிற்பதைக் கீழேயிருந்து பார்த்தால் ஐ-29 அதைவிட நாற்பது மீட்டர் நீளம் என்பது உடம்பில் உறைக்கும். வண்ணத்துக்கு மட்டும் அருங்காட்சியகப் படகை ஆதாரமாக எடுக்கக்கூடாது. திறந்த வெளியில் நிற்கிற படகைத் துருப்பிடிக்காமல் காக்க அவ்வப்போது பூசித்தான் ஆகவேண்டும், அந்தப் பூச்சு கிடைத்த பெயின்ட்டில் நடக்கும். சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிற ஜெர்மானியப் படகு யூ-505கூட 2004இல் கட்டடத்துக்குள் போகும்வரை ஐம்பது வருடம் மழையிலும் பனியிலும் நின்றது. இன்று அதன் மேல் இருப்பது 1944இன் வண்ணம் கிடையாது.

பட்டர்வொர்த் டீச்சர்

நேற்று மாலை ஏர்பிரஷ் எடுத்தேன். லாக்கர் வகைக் கறுப்பு மாதிரி அட்டையில் பால் தெளித்ததுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. மழை விட்டு அரைமணிதான் ஆகியிருந்தது. அதனாலா?

செந்தூல் தூரிகை

அதனால்தான் டீச்சர். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்கு இது தினமும் நடக்கிற தொல்லை, கறுப்பில்தான் அதிகம் தெரியும். ஏர்கோன் போட்டு ஒரு மணி நேரம் அறை காய்ந்த பிறகு அடியுங்கள், மாடலையும் அதே அறையில் வைத்திருங்கள். தின்னரில் கொஞ்சம் ரிடார்டர் சேர்த்தால் மெதுவாகக் காயும், வெள்ளை படராது. படர்ந்த இடத்தில் தின்னர் மட்டும் மெல்லியதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், உப்புத்தாள் போடவேண்டாம். காற்றோட்டத்தை மறக்காதீர்கள், மாஸ்க் கட்டாயம்.

இன்னொன்று, மாதிரி அட்டையை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள்? ஒரே சாம்பல் ட்யூப்லைட்டில் பச்சையாகவும், மஞ்சள் பல்பில் பழுப்பாகவும் தெரியும். ஜன்னல் பக்கம் பகலில் பாருங்கள், அப்புறம் பள்ளியில் மாடல் நிற்கப்போகிற இடத்தின் விளக்கிலும் ஒரு தடவை பாருங்கள். இரண்டிலும் ஒத்துவருகிற கலவையை எடுங்கள்.

பட்டர்வொர்த் டீச்சர்

அட்டைகளைப் பள்ளிக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். யூ-180க்கு ஐயாவின் 66 கலவை, நீலம் மிகக்குறைவாக. பள்ளி விளக்கில் நீலம் தூக்கலாகத் தெரிந்ததால் பாதியாகக் குறைத்தேன். அடிக்கு ஜன்னல் கடையில் வாங்கிய 7016 துண்டைப் பார்த்துக் கலந்து, ஒரு படி வெளுக்கச் செய்தது. தளம் தார்க்கறுப்பு. ஐ-29க்குத் தம்பி சொன்ன 69, பக்கவாட்டில் 63 சேர்த்தது. அடியில் ஹல் ரெட்டோடு பழுப்பும் துளிச் சாம்பலும்.

நீலக் கண்ணாடித்தாள் சோதனையை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு செய்தேன். சிவப்பு அட்டை கறுப்பாக மாறியதும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. ஒரு பிள்ளை "அப்ப பழைய படத்துல கறுப்பா இருக்கிறவங்க சட்டை எல்லாம் சிவப்பா இருக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

இன்னும் ஒன்று மிச்சம். ஆட்கள். இந்த அளவில் ஒரு மனிதர் 5 மில்லிமீட்டர் உயரம். நேதாஜியும் ஆபித் ஹசனும் படகில். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் யூ-180க்கு மாறினார்கள், கூடவே 2 டன் அளவு தங்கம். எல்லோரையும் ஒரே நேரத்தில் காட்டலாமா?

நெகிழிக்கப்பல்

ஒரே நேரத்தில் வேண்டாம், ஒரு படகு போதும், அதில் நேதாஜி. பிள்ளைகளின் கண் அங்கேதான் போகவேண்டும். ரப்பர் படகில் இருக்கிறவர்களுக்கு மட்டும் மற்ற எதையும்விட ஒரு படி வெளிர்நிறம் கொடுங்கள். கருநீலத்தின் நடுவில் 5 மில்லிமீட்டர் உருவம் தெரிய வேறு வழியில்லை.

கிள்ளான் கப்பல்பட்டறை

டீச்சர், பாசிப்பட்டைக்கு எந்தப் பச்சை என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கடைப்பச்சை எதுவும் சரிவராது. பச்சையில் பழுப்பும் மஞ்சளும் கலந்து, தண்ணீர்போல் நீர்த்து, நீர்மட்டத்தில் தொட்டுவிட்டு மேல்நோக்கி விரலால் இழுத்துவிடுங்கள். இந்தச் சனிக்கிழமை மகள் வீட்டுக்குப் பிறை வருகிறேன். பள்ளி திறந்திருந்தால் சொல்லுங்கள், வந்து பட்டையை நானே பிடித்துக் காட்டுகிறேன்.

பட்டர்வொர்த் டீச்சர்

திறந்திருக்கும் ஐயா, காலை பத்து மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பழைய மாணவன் தம்பியும் வருகிறான். ரெசின் அதற்குப் பிறகுதான் ஊற்றுவேன்.